காட்டு மண்ணில் புது பாக்டீரியா: வயலுக்கு அள்ளி வரலாமா?

ராஜபாளையம் அய்யனார் கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு அடிவாரத்தில் விவசாயம் செய்பவரா நீங்கள்? ஜீவாமிர்தத்துக்குக் காட்டு மண் நல்லது என்று நினைத்தால், வேண்டாம்.

காட்டு மண்ணில் இன்னும் பெயர் வைக்காத பாக்டீரியாக்கள் ஏராளம். ஒன்றை அடையாளம் காண்பது சுலபமில்லை. மண்ணை நீரில் கரைத்து, பல மடங்கு நீர்த்து, ஊட்டக்கலவைத் தட்டில் வளர்த்துத் தனியே பிரிப்பார்கள். பிறகு அதன் 16எஸ் மரபணுவைப் பதிவான இனங்களோடு ஒப்பிடுவார்கள். ஒற்றுமை சுமார் 98.7 சதவீதத்துக்குக் கீழே போனால் புது இனமாக இருக்கலாம். அப்போதும் முடிவாகாது, முழு மரபணுத் தொகுதியையும் பார்த்து, இரண்டு நாடுகளின் சேமிப்பு மையங்களில் அதை ஒப்படைக்க வேண்டும். நம் நாட்டில் சண்டிகரில் அப்படி ஒரு மையம் இருக்கிறது. நீங்கள் பாக்கெட்டில் வாங்கும் அசோஸ்பைரில்லத்துக்கே 1978-ல்தான் இந்தப் பெயர் வந்தது.

புதியதெல்லாம் நல்லதல்ல. தக்காளி, கத்தரியை வாடவைக்கும் ரால்ஸ்டோனியாவும் மண் பாக்டீரியாதான். வயலுக்குள் வந்துவிட்டால் பல வருடம் போகாது.

தவிர, அந்தக் காடு 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அங்கே மண் அள்ளுவது குற்றம்.

ஜீவாமிர்தத்துக்கு ரசாயனம் படாத உங்கள் வரப்பு மண்ணே ஒரு கைப்பிடி போதும். அசோஸ்பைரில்லம் வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள். ரசாயன உரத்தோடு கலந்து போடாதீர்கள்.