5 மில்லிகிராம் பிறந்த கதை

காலை ஐந்தரைக்குப் பென்னலூர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ் வந்துவிடும். அதைப் பிடிக்க நான் நாலு மணிக்கே எழ வேண்டும், சமையலுக்காக அல்ல, விரல்களுக்காக. வெந்நீரில் அரை மணி நேரம் கையை முக்கி வைத்தால்தான் ஜாக்கெட் கொக்கி மாட்ட வரும். பாட்டி இதைச் சரவாங்கி என்பாள். மருத்துவர் சீட்டில் எழுதுவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். உடம்பின் காவல்படை தன் மூட்டுகளையே எதிரியென்று நினைத்துத் தாக்கும் நோய். பின்னிரவில் வீக்கத்தைக் கிளப்பும் பொருள்கள் இரத்தத்தில் ஏறுகின்றன. அவற்றை அடக்கும் கார்டிசால் விடியும் நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும். அந்த இடைவெளியில்தான் விரல்கள் இறுகிக்கொள்கின்றன.

இட்லி சாப்பிட்டதும் ஒரு சின்ன மாத்திரை: பிரட்னிசலோன், 5 மில்லிகிராம். இது ஒரு ஸ்டீராய்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் ஜிம்மில் மார்பு விரிக்கும் பையன்களை நினைக்காதீர்கள். அது வேறு குடும்பம்.

இந்த மாத்திரையின் பிறப்பு ஒரு மஞ்சள் காமாலையில் தொடங்குகிறது. 1929 ஏப்ரல் 1. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் ஊரில் உள்ள மேயோ மருத்துவமனை. பிலிப் ஹென்ச் என்ற மூட்டுவாத மருத்துவரிடம் 65 வயது நோயாளி ஒருவர் வந்தார், அவரும் டாக்டர்தான். காமாலை வந்த மறுநாளே தன் மூட்டுவலி குறையத் தொடங்கிவிட்டது என்றார். முட்டாள்கள் தினத்தில் சொன்ன செய்தியை ஹென்ச் தள்ளிவிடவில்லை, கேட்டு எழுதிவைத்துக்கொண்டார். கர்ப்பகாலத்திலும் பல பெண்களுக்கு வலி விலகுவதைப் பார்த்தார். அப்படியென்றால் உடம்புக்குள்ளேயே ஏதோ ஒரு மருந்து ஊறுகிறது. பெயர் தெரியாத அதைத்தான் அவர் பல வருடம் தேடினார். பித்த உப்பு கொடுத்துப் பார்த்தார். காமாலைக்காரர்களின் இரத்தத்தை ஏற்றியும் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அதே மேயோவில் எட்வர்ட் கெண்டால் என்ற வேதியியலாளர், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து பொருள்களைப் பிரித்தெடுத்து ஏ, பி என்று எழுத்துப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் தாடியஸ் ரைக்ஸ்டைனும் அதே வேலையில் இருந்தார். கெண்டாலின் 'காம்பவுண்ட் ஈ'யை மூட்டுவாதத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று 1941-லேயே கெண்டாலும் ஹென்ச்சும் பேசி, ஹென்ச் அதைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். ஆனால் கொடுக்கப் பொருள் வேண்டுமே! மெர்க் நிறுவனத்தில் லூயிஸ் சாரெட் என்ற இளைஞர் 1944-ல் சுமார் 36 படிகள் ஏறி அதைச் செயற்கையாகச் செய்துகாட்டினார். மூலப்பொருள் என்ன தெரியுமா? மாட்டின் பித்தம். காமாலையில் தொடங்கிய தேடல் பித்தத்தில் வந்து முடிந்ததை எந்தச் சித்தவைத்தியரிடம் சொன்னாலும் புன்னகைப்பார்.

1948 செப்டம்பர் 21 அன்று, படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதல் ஊசி போட்டார்கள், 100 மில்லிகிராம். ஓரிரு நாளில் அவர் சிரமமில்லாமல் புரண்டு படுத்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார். புரண்டு படுத்ததைப் படிக்கும்போதுதான் எனக்குக் கண் கலங்கியது. கடைத்தெருவை யாரும் புரிந்துகொள்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு இடப்பக்கம் திரும்ப முடியாமல் கிடந்தவர்களுக்கே மற்றது புரியும்.

அடுத்த ஏப்ரலில் உலகத்துக்கு அறிவித்தார்கள். வைட்டமின் ஈ-யோடு குழம்பக் கூடாதென்று கார்ட்டிசோன் எனப் பெயர் மாற்றினார்கள். 1950-ல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. பிறகு விலை இறங்கிய கதை. மெக்சிக்கோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து (சர்க்கரைவள்ளி அல்ல) மூலப்பொருள் கிடைத்தது. பழைய ரொட்டியில் கறுப்பாகப் பூக்கும் பூஞ்சையின் இனம் ஒன்று, வேதியியலாளர்கள் திணறிய படியை 1952-ல் ஒரே தாவலில் தாண்டிக் கொடுத்தது. இதே மூலப்பொருளுக்காக இமயமலைச் சரிவில் விளையும் உறவுக்கிழங்கு ஒன்றையும் தோண்டித் தோண்டி அருகவைத்துவிட்டோம். 1955-ல் ஷெரிங் நிறுவனம் பாக்டீரியாவின் உதவியோடு கொண்டுவந்த புதிய வடிவங்களில் ஒன்றுதான் என் பிரட்னிசலோன். கார்ட்டிசோனைவிட ஐந்து மடங்கு வீரியம். அந்தப் பெண்ணுக்கு ஏறிய 100 மில்லிகிராமும் என் மாத்திரையில் நான்கும் ஒன்று.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. மீதிப் பாதி அந்த முதல் நோயாளிகளின் உடம்பில் எழுதப்பட்டது. முகம் நிலாவாக உப்பியது, மனம் தடுமாறியது, எலும்பு மெலிந்தது. மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பி வந்தது. எவ்வளவு குறைவாக, எவ்வளவு நாள், எப்படி இறக்குவது என்பதைக் கண்டுபிடிக்கப் பல வருடம் பிடித்தது. என்னைக் கேட்டால் மருந்து உண்மையில் பிறந்தது அப்போதுதான்.

எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டும். நோய்க்குப் பெயர் தெரியாத காலத்தில் ஒரு கிளினிக்கில் எனக்கு "வலி ஊசி" போட்டார்கள். மறுநாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஷிப்டுக்குப் போனேன். வாரம் ஒன்றாக நாலு மாதம். "உடம்பு தேறிட்டீங்கக்கா" என்று லைனில் பெண்கள் பாராட்டினார்கள். தேறியது உடம்பல்ல, உப்பியது முகம். அந்த ஸ்டீராய்டு ஊசியை விட்டதும் எழுந்து நிற்கவே தெம்பில்லை, தலை சுற்றியது, சோறு இறங்கவில்லை.

இதை ஒரகடம் தொழிற்பேட்டைக்காரர்களுக்குச் சுலபமாக விளக்கலாம். அட்ரினல் சுரப்பி நிரந்தரத் தொழிலாளி. தினமும் அது செய்யும் உற்பத்தி ஏறக்குறைய இந்த ஒரு 5 மில்லிகிராம் மாத்திரைக்குச் சமம். வெளியிலிருந்து ஒப்பந்த ஆள் வந்து குவிந்தால் மூளை என்ற சூப்பர்வைசர் நிரந்தர ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒரு நாள் ஒப்பந்த ஆளும் வராவிட்டால் லைன் நின்றுபோகும். சில சமயம் உயிரும். பழைய ஆளைத் திரும்பக் கூப்பிட வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூட அவகாசம் தேவை. அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

இப்போது சென்னை அரசு பொது மருத்துவமனையின் மூட்டுவாதப் பிரிவில் காட்டுகிறேன். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட்தான் நோயை உண்மையில் பிடித்து நிறுத்துகிறது. அது வேலை செய்யத் தொடங்கும்வரை தாங்கிப்பிடிக்க வந்தது ஸ்டீராய்டு. 20-ல் ஆரம்பித்து 5-க்கு வந்திருக்கிறேன். கூடவே கால்சியம், மாதம் ஒரு தடவை சர்க்கரைப் பரிசோதனை.

உங்களுக்கு யாராவது வலி ஊசியோ, பெயரில்லாத பொடியோ கொடுத்தால் அதில் என்ன இருக்கிறதென்று சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். எழுத மறுத்தால் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். முதலில் ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள்.