வேண்டாத கால்: ஒரு நோய் பட்டியலில் ஏறிய கதை

கால் நன்றாக இருக்கிறது. நடக்கிறது, ஓடுகிறது, முள் குத்தினால் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் காலுக்கு உரியவர் தொடையில் ஓரிடத்தைத் தொட்டு, இதற்கு மேலே தன் உடம்பு, இதற்குக் கீழே இருப்பது தன்னோடு சேர்ந்ததாகவே தோன்றவில்லை என்கிறார். பேனாவைக் கொடுத்தால் தொடையைச் சுற்றிக் கோடு போட்டுக் காட்டுகிறார். பின்னொரு நாள் கேட்டாலும் கோடு அதே இடத்தில்தான் விழுகிறது. அந்தக் கோட்டோடு காலை எடுத்துவிட்டால்தான் தன் உடம்பு முழுமையாகும் என்று அவர் நினைக்கிறார்.

அவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அது தன் கால்தான் என்பது அவருக்குத் தெரியும். வேலைக்குப் போகிறார், வரி கட்டுகிறார், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார். தெரிந்ததும் உணர்வதும் ஒத்துப்போகாததுதான் அவருடைய வேதனை. இப்படி ஒரு வேதனை உண்டு என்று உலக மருத்துவத்தின் நோய்ப் பட்டியல் ஒப்புக்கொள்ள, முதல் ஆய்வுக் கட்டுரையிலிருந்து கணக்கிட்டால் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பலருக்கு இது எட்டு, பத்து வயதிலேயே தொடங்கிவிடுகிறது. தெருவில் ஒற்றைக் காலோடு போகும் ஒருவரைப் பார்த்த நினைவைப் பலர் சொல்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பயமோ பரிதாபமோ வந்த இடத்தில் அவர்களுக்கு வந்தது பொறாமை. ஆய்வாளர்களிடம் வந்தவர்களில் ஆண்களே அதிகம். வலக்காலைவிட இடக்காலை வேண்டாம் என்பவர்கள் அதிகம். கையைச் சொல்பவர்கள் குறைவு. இரு கால்களும் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தால்தான் தான் தானாக இருப்பதாக உணர்பவர்களும் உண்டு. ஏறக்குறைய எல்லோரும் ஒன்றைச் செய்கிறார்கள்: மறைக்கிறார்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கதவைத் தாழிட்டு, முழங்காலை மடக்கிக் கெண்டைக்காலைத் தொடையோடு சேர்த்துக் கட்டி, தொளதொளவென்று ஒரு பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலோடு கண்ணாடி முன் நிற்கிறார்கள். கொஞ்ச நேரம் மனசு அடங்குகிறது. வாசலில் சத்தம் கேட்டதும் கட்டை அவிழ்த்து, துணியைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, இரண்டு காலோடு போய்க் கதவைத் திறக்கிறார்கள். கட்டிய மனைவிக்கே இருபது வருடம் தெரியாமல் இருக்கக்கூடிய துன்பம் இது.

பழைய ஏடுகளில் இதன் சாயல் ஆங்காங்கே தெரிகிறது. 1785-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு நூலில், சூ என்ற அறுவை மருத்துவர் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். நல்ல காலை எடுத்துவிடும்படி ஓர் ஆங்கிலேயர் ஒரு மருத்துவரிடம் பணம் தருவதாகச் சொன்னாராம். மறுத்ததும் துப்பாக்கியைக் காட்டி மிரட்டிக் காரியத்தை முடித்துக்கொண்டாராம். எவ்வளவு தூரம் நம்பலாமோ, இருநூறு வருடத்துக்கு அது வெறும் விநோதச் செய்தியாகவே கிடந்தது.

மருத்துவக் கட்டுரையாக இந்த வேதனை பதிவானது 1977-இல். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பாலியல் உளவியல் ஆய்வாளராக இருந்தவர் ஜான் மணி. தங்கள் உறுப்பை எடுத்துவிடும்படி கேட்ட இரண்டு ஆண்களைப் பற்றி அவரும் இரண்டு சகாக்களும் எழுதினார்கள். 'அபோடெம்னோஃபிலியா' என்று பெயர் வைத்து, பாலியல் விலகல் வகையில் சேர்த்தார்கள். அவர்கள் பார்த்தவர்களிடம் பாலியல் ஈர்ப்பும் கலந்தே இருந்தது, அதில் பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு முத்திரை செய்த கேடு பெரிது. காலைப் பற்றிய வேதனையைச் சொல்ல வந்தவர், வாயைத் திறக்கும் முன்பே ஆபாசமான ஆசை கொண்டவராகிவிட்டார். அந்த வார்த்தைக்கு அஞ்சி எத்தனை பேர் மருத்துவரிடம் போகாமலே இருந்திருப்பார்கள்! நரம்பியல்காரர்களும் இது தங்கள் துறை இல்லை என்று இருந்துவிட்டார்கள். தொடையில் இருக்கும் கோட்டைப் பற்றி நோயாளிகள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு ஆராய யாரும் முன்வரவில்லை. முப்பது வருடம் அப்படியே போனது.

தட்டியும் கதவு திறக்காததால் சிலர் வேறு வழி தேடினார்கள். தாங்களாகவே காலுக்குக் கேடு விளைவித்துக்கொண்டு உயிருக்குப் போராடியவர்கள் உண்டு. 1998-இல் எண்பது வயதையொட்டிய ஓர் அமெரிக்கர், உரிமம் பறிக்கப்பட்ட ஒரு மருத்துவரைப் பிடித்து, மெக்சிகோவின் டிஹுவானாவில் காலை எடுத்துக்கொண்டார். புண் அழுகி அவர் இறந்தார். மறு ஆண்டு கலிஃபோர்னியா நீதிமன்றம் அந்த மருத்துவரைக் கொலைக் குற்றவாளி என்று தீர்த்தது.

அதே நாட்களில் ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் ஊரில் நடந்தது வேறு. அங்கே அரசு மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ராபர்ட் ஸ்மித், மனநல மருத்துவர்களின் கருத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, 1997-இல் ஒருவருக்கும் 1999-இல் ஒருவருக்கும் நோயில்லாத காலை எடுத்தார். முதலாமவர் இங்கிலாந்துக்காரர், அடுத்தவர் ஜெர்மனியிலிருந்து வந்தவர். இருவரும் பிறகு நிம்மதியாக இருப்பதாகச் சொன்னார்கள். 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விஷயம் பத்திரிகைகளில் வந்தது. ஊரெல்லாம் கொதித்தது. நல்ல காலை வெட்டுவதற்கா மருத்துவமனை என்று கேட்டார்கள். இனி இப்படி ஓர் அறுவை இங்கே நடக்காது என்று நிர்வாகம் அறிவித்தது. வரிசையில் காத்திருந்த இன்னொருவர் திரும்பிப் போனார்.

ஸ்மித் செய்தது சரியா என்று இன்றும் வாதம் ஓயவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. ஒளிந்திருந்த ஒரு துன்பம் முதன்முறையாக முதல் பக்கத்துக்கு வந்தது. மருத்துவர்கள் கேள்வியை மாற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ஃபர்ஸ்ட். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர். அமெரிக்க மனநல நோய்க் கையேட்டின் தொகுப்பில் பெரும் பங்கு கொண்டவர். அவர் 52 பேரைத் தொலைபேசியில் அழைத்து நீண்ட நேரம் பேசினார். முகம் காட்டத் தேவையில்லாத தொலைபேசி என்பதாலேயே அத்தனை பேர் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 2005-இல் வெளிவந்த அந்த ஆய்வில், பெரும்பாலோர் முதற்காரணமாகச் சொன்னது பாலியல் இன்பத்தை அல்ல. காலை எடுத்தால்தான் தான் உண்மையான தானாக ஆவேன் என்பதை. எவருக்கும் சித்தப்பிரமை இல்லை. மருந்தோ மனநல ஆலோசனையோ அந்த ஆசையைப் பெரிதாகக் குறைக்கவும் இல்லை. 'உடல் முழுமை அடையாளக் கோளாறு' என்று பொருள்படும் புதிய பெயரை ஃபர்ஸ்ட் முன்வைத்தார். 'பிஐஐடி' என்ற அதன் சுருக்கம் நோயாளிகள் நடுவில் உடனே ஒட்டிக்கொண்டது. வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய பெயர் அவர்களுக்கு அன்றுதான் கிடைத்தது.

இந்தக் கதைக்குள் சென்னை வருவது இங்கேதான். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் மூளை ஆய்வுக்கூடம் நடத்தியவர் வி. எஸ். ராமச்சந்திரன். இழந்த கை இன்னும் இருப்பதாகத் தோன்றி வலிக்கும் மாயவலிக்கு ஒரு சாதாரணக் கண்ணாடிப் பெட்டியால் ஆறுதல் தேடித் தந்தவர். இல்லாத கை இருப்பதாகத் தோன்றுமானால், இருக்கும் கால் இல்லாததாகத் தோன்றவும் மூளையில் வழி இருக்கத்தானே வேண்டும்?

அதற்கு ஒரு தடயம் ஏற்கெனவே இருந்தது. வலப்பக்க மூளையில் பக்கவாதம் தாக்கிய சிலர் தங்கள் இடக்கையைக் காட்டி, இது என் கை இல்லை, வேறு யாருடையதோ என்பார்கள். ஜோசஃப் கெர்ஸ்ட்மன் 1942-இலேயே அதை எழுதிவைத்தார். அவர்களுக்குத் தாக்குண்ட பகுதி, வலப்பக்க மூளையின் பரைட்டல் மடல். தோலிலிருந்தும் தசையிலிருந்தும் கண்ணிலிருந்தும் வரும் செய்திகளைச் சேர்த்து, இதுதான் உன் உடம்பு என்று ஒரு வரைபடம் அங்கே உருவாகிறது. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் 1974-இல் நார்வே மலையில் விழுந்து காலில் அடிபட்டபோது, கட்டிலில் கிடந்த அந்தக் கால் தன்னுடையதாகவே தோன்றவில்லை என்பதை ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அவரை யாரும் விலகல் உள்ளவர் என்று சொல்லவில்லை.

2008-இல் ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் டேவிட் பிராங்கும் பால் மெக்ஜியோக்கும் கால் வேண்டாம் என்ற இரண்டு பேரைச் சோதித்தார்கள். சோதனை மிக எளிது. கோட்டுக்கு மேலே ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். பிறகு கோட்டுக்குக் கீழே குத்தினார்கள். விரலில் பொருத்திய கருவி ஒவ்வொரு முறையும் தோலில் வியர்வை எவ்வளவு கூடுகிறது என்று பதிவு செய்தது. மேலே குத்தியதைவிடக் கீழே குத்தியபோது தோலின் எதிர்வினை மிக அதிகம். நினைத்துத் தூண்டவோ அடக்கவோ முடியாத ஒன்றை நடிக்க முடியாது. அவர்கள் வாயால் சொல்லிச் சொல்லி யாரும் நம்பாத கோடு, காகிதத்தில் வரைபடமாக விழுந்தது. என் கணக்கில் இந்த நோய் பிறந்த நாள் அதுதான்.

2011-இல் அதே குழுவினர் மூளையின் காந்தத் துடிப்பைப் பதியும் கருவிக்குள் நான்கு பேரை உட்காரவைத்துப் பாதத்தைத் தொட்டார்கள். வேண்டும் காலைத் தொட்டபோது வலப்பக்கப் பரைட்டல் மடலின் மேற்பகுதி விழித்துக்கொண்டது; வேண்டாத காலைத் தொட்டபோது அவ்வளவாக அசையவில்லை. தொடுதல் உறைக்கிறது, வலி உறைக்கிறது, ஆனால் என்னுடையது என்ற கணக்கில் வரவில்லை. நிலம் இருக்கிறது, விளைகிறது, பட்டாவில் மட்டும் பெயர் ஏறவில்லை என்பது போல. 'செனோமெலியா' என்ற பெயரை அவர்கள் அப்போது வைத்தார்கள்.

அடுத்து சூரிச் நகரத்து பீட்டர் புருக்கரும் சகாக்களும் வந்தார்கள். 2013-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் அதே வலப்பக்க மடலின் மேலடுக்கு மற்றவர்களைவிட மெலிந்திருந்தது. 2020-இல், இடக்காலை எடுக்க விரும்பிய 16 ஆண்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, அந்தப் பகுதி எவ்வளவு மெலிந்திருந்ததோ அவ்வளவுக்கு ஒற்றைக்காலராக நடித்துப் பார்க்கும் வழக்கமும் கூடுதலாக இருந்தது. மூளை அப்படி இருந்ததால் ஆசை வந்ததா, முப்பது வருடம் காலைக் கட்டி நடந்ததால் மூளை அப்படி ஆனதா? பத்துப் பதினைந்து பேரை வைத்து அதைத் தீர்க்க முடியாது. காதில் குளிர்ந்த நீர் விட்டுச் சமநிலை உணர்வைத் தூண்டினால் குணமாகலாம் என்று ஒரு யோசனை இருந்தது. சோதித்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. இன்றுவரை இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

அமெரிக்க மனநல நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-இல் வந்தது. பிஐஐடியைத் தனி நோயாக அது சேர்க்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம்தான் சேர்த்தது. 2019 மே மாதம் உலகச் சுகாதார மாநாடு ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில், 'பாடி இன்டெக்ரிட்டி டிஸ்ஃபோரியா' என்ற பெயரில், 6சி21 என்ற குறியீட்டோடு இது இருக்கிறது. பாலியல் பிரிவில் வைக்கவில்லை. உடல் உணர்வுக் கோளாறுகளின் பிரிவில் வைத்திருக்கிறார்கள்.

பட்டியலில் ஏறிவிட்டால் காலை எடுக்க அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. கத்தி எடுப்பதை ஆதரிக்க எனக்கும் மனம் வரவில்லை. எடுத்த காலைத் திரும்ப வைக்க முடியாது, ஆதாரமோ ஒரு கைப்பிடி. ஆனால் இவர்களை விரட்டியடித்ததால் டிஹுவானாக்கள்தான் பெருகின என்பதையும் மறுக்க முடியவில்லை. இப்போதைக்குச் செய்ய முடிந்தது இருக்கிறது. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் சிகிச்சை உண்டு. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றும் நேரத்தில் பேச ஓர் ஆள் தேவை. ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ கொண்டு ஓரளவு நிம்மதி தேடிக்கொள்பவரைக் கேலி செய்யாத ஒரு குடும்பம் தேவை.

உங்கள் மருத்துவமனைக்கு அப்படி ஒருவர் வந்தால், மருத்துவர்களே, சிரிக்காமல் கேளுங்கள், வெளியே அனுப்பாதீர்கள். இதைப் படிப்பவர்களில் தன் கால் தன்னுடையதாகத் தோன்றாத ஒருவர் இருந்தால், நீங்கள் விபரீதமானவர் இல்லை, தனியாளும் இல்லை. காலுக்கு எதுவும் செய்துகொள்ளும் முன், ஒரு மனநல மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள்; 6சி21 என்ற குறியீட்டைச் சொல்லுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.