பெட்ரோலுக்குத் தேவைப்படும் டாலர் எங்கிருந்து வருது? சேவைத் துறையின் பங்கு என்ன? எளிய விளக்கம்

பங்க்குல வண்டியை நிறுத்தி பெட்ரோல் போடுறீங்க. நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டில் இருந்துதான் வருகிறது. அதற்குப் பெரும்பாலும் டாலரில்தான் பணம் கட்டணும். அந்த டாலரைச் சம்பாதித்துத் தருவதில் ஐடி உள்ளிட்ட சேவைத் துறைக்குப் பெரிய பங்கு உண்டு.

சேவை ஏற்றுமதி என்றால் என்ன?

பெங்களூருவில் உட்கார்ந்து ஒருவர் அமெரிக்க வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறார். ஹைதராபாத்தில் இன்னொருவர் லண்டன் நிறுவனத்தின் கணக்கு வழக்கைப் பார்க்கிறார். கப்பலில் எந்தச் சரக்கும் ஏறவில்லை. ஆனா டாலர் உள்ளே வந்துடுது.

கணக்கு என்ன சொல்லுது?

2024-25 நிதியாண்டில் இந்தியாவின் சரக்கு இறக்குமதி சுமார் 72,000 கோடி டாலர். சரக்கு ஏற்றுமதி சுமார் 43,700 கோடி டாலர் மட்டுமே. துண்டு விழுந்தது 28,000 கோடி டாலருக்கும் மேல். அதே ஆண்டில் சேவை வர்த்தகத்தில், இறக்குமதி போக, சுமார் 18,900 கோடி டாலர் மிச்சம். அதாவது, அந்தப் பள்ளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இது அடைத்துவிட்டது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணமும் கைகொடுத்தது.

இது இல்லைன்னா?

1991-ஐ நினைச்சுப் பாருங்க. சில வார இறக்குமதிக்கு மட்டுமே டாலர் கையிருப்பு இருந்ததால், நாட்டின் தங்கத்தையே அடகு வைக்க வேண்டி வந்தது. டாலர் வரத்து குறைந்தால் ரூபாய் மதிப்பு சரியும். பெட்ரோல், சமையல் எண்ணெய், செல்போன் என இறக்குமதியை நம்பிய எல்லாமே விலை ஏறும்.

அப்போ கவலையே இல்லையா?

இருக்கு. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் பாதிக்கும் மேல் சேவைத் துறை தருகிறது. ஆனால் தொழிலாளர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான் அங்கே வேலை. ஐடி துறையில் நேரடியாக வேலை பார்ப்பவர்கள் 60 லட்சத்துக்கும் குறைவு. விவசாயத்தை நம்பியிருப்பவர்களோ சுமார் 46 சதவீதம். அவர்களுக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான வருமானம்.

இன்னொன்று, ஐடி ஏற்றுமதிக்கு அமெரிக்காதான் மிகப்பெரிய சந்தை. அங்கே செலவைக் குறைத்தால், இங்கே புதிதாக ஆள் எடுப்பது குறையும்.

அடுத்த முறை 'வர்த்தகப் பற்றாக்குறை அதிகரிப்பு' என்று செய்தி வந்தால், அது சரக்குக்கு மட்டுமான கணக்கா, சேவையும் சேர்ந்ததா என்று பாருங்க. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் புரியும்.