தூண்டில் ரீலும் தங்கமணியின் கேள்வியும்

"இருபதாயிரம் ரூபாயா? நூல் சுத்தி வைக்கிற சக்கரத்துக்கா?"

தங்கமணி கேட்டதில் தப்பே இல்லை. வீட்டுக்கடன் ஓடுகிறது, ஊருக்கும் மாதாமாதம் அனுப்புகிறோம். சட்டென்று பதில் வரவில்லை. சரி, இந்தச் சக்கரத்தின் சரித்திரத்தையாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

கொஞ்சம் முன்கதை. சண்டிகரில் குப்பை கொட்ட வந்த பிறகுதான் இமாச்சலின் தீர்த்தன் ஆற்றில் ட்ரௌட் மீன் பிடிக்கப் பழகினேன். அம்பாசமுத்திரத்தில் அப்பாவோடு மூங்கில் கம்பு, தங்கூசி, தக்கை, மண்புழு என்று வளர்ந்தவனுக்கு ஃப்ளை ஃபிஷிங் புது வித்தை. முள்ளில் இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப்பூச்சிதான் இரை. அதற்கு எடையே கிடையாது. அதனால் கனமான நூலைச் சுழற்றி, அந்த நூலின் எடையிலேயே வீச வேண்டும். வீசும்போது ரீல் சும்மாதான் இருக்கும். அதற்கு இரண்டே வேலை: நூலைச் சுற்றி வைப்பது, பெரிய மீன் ஓடினால் சீராக விட்டுக்கொடுப்பது.

போன வருஷம் இருப்பதிலேயே மலிவாக ஒன்று வாங்கினேன். நல்ல மீன் ஒன்று மாட்டி, பாறைக்கு அந்தப் பக்கம் ஓடியது. ரீலின் பிரேக் பிடித்துப் பிடித்து விட்டது. நுனித் தங்கூசி பட்டென்று அறுந்தது. பக்கத்தில் நின்ற மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை :(

இனி சரித்திரம். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் மான்செஸ்டர் என்ற ஊர்க்காரர் சார்லஸ் ஆர்விஸ். 1874-ல் ஒரு ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒடுக்கமான உருளை, பக்கத் தகடுகள் முழுக்க ஓட்டைகள். அன்றைக்கு நூல் பட்டு நூல். ஈரம் காயாவிட்டால் உளுத்துப்போகும். காற்றோட்டத்துக்காகவும் எடை குறைக்கவும் போட்ட அந்த ஓட்டைகள், பட்டு போய் பிளாஸ்டிக் பூசிய நூல் வந்த பிறகும் இன்றைய ரீல்களில் தொடர்கின்றன.

அடுத்தது இங்கிலாந்து. ஆன்விக் ஊரில் 1872-ல் தொடங்கிய ஹார்டி நிறுவனம், 1890களில் 'பெர்ஃபெக்ட்' ரீலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே பால் பேரிங். கைதேர்ந்தவர்கள் செய்த பொருள், விலையும் அதற்கேற்ப. காசுள்ளவர்கள் பேரனுக்கு விட்டுப்போகும் சாமான்.

இந்தியாவுக்கு ட்ரௌட் வந்ததும் கிட்டத்தட்ட அதே காலம்தான். 1900-ல் காஷ்மீரில் ஃபிராங்க் மிட்செல் ஸ்காட்லாந்து முட்டைகளைப் பொரிக்க வைத்தார். 1909-ல் காஷ்மீரிலிருந்து குலு பக்கம் வந்தது. நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பொரிப்பகமும் அந்தப் பத்தாண்டில் வந்ததுதான். அன்று தூண்டில் போட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள். நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் கணக்கிலேயே இல்லை.

அந்தக் கணக்கை மாற்றியது ஒஹாயோவின் ஆக்ரன் நகரத்து ஃப்ளூகர். 1930-ஐ ஒட்டி வந்த அதன் 'மெடலிஸ்ட்' ரீலில் அலங்காரம் ஒன்றும் இல்லை. தகடுகளைத் தூண் வைத்துத் திருகாணியால் முடுக்கிய சட்டம். திருகாணி அவ்வப்போது தளரும், சத்தமும் போடும். ஆனால் இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற பிரேக் இருந்தது. சாதாரண ஆட்கள் பல பத்தாண்டுகள் இதை வைத்தே மீன் பிடித்தார்கள். கடல் மீன் பிடித்தவர்கள் சட்டத்தின் ஓரத்தை அறுத்துவிட்டு, உருளையின் விளிம்பை உள்ளங்கையால் அழுத்தி பிரேக்காக்கிக் கொண்டார்கள்!

பிற்பாடு கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்கள் பரவின. அலுமினியக் கட்டியிலிருந்து குடைந்தெடுத்த ரீல்களை ஆசியத் தொழிற்சாலைகள் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கின. முன்பு பணக்காரர் சாமானில் மட்டும் இருந்த துல்லியம் நடுத்தர விலைக்கு இறங்கியது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். அடிமட்ட விலையில் வெட்டு விழுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பிரேக்கில். நடுத்தர விலையில் வேலை முழுசாக நடக்கிறது. அதற்கு மேல் கொடுப்பது அழகுக்கும் பெருமைக்கும். அதுவும் தப்பில்லை, கையில் இருந்தால் சரி.

கடைசியில் ஆறாயிரத்துக்கு ஆன்லைனில் வாங்கினேன். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டுக்கூடத்திலேயே சோதனை. நூலை மெதுவாக இழுத்தால் ஆரம்பத்தில் வெட்டி இழுக்கக் கூடாது. உருளை ஆடக் கூடாது. உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே தங்கூசி நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. மூன்றிலும் பாஸ். நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மீனாக ஓடியது மகள் :)

அப்பாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சக்கரம் வெல சொல்லிட்ட, சரி. மீனு எத்தன பிடிச்சலே?"

தங்கமணியும் அதையேதான் கேட்கிறாள்.