பந்துக்கு ஒருவர், ஆட்களுக்கு ஒருவர்

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிறந்தது என்பதும், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடைகள் இரண்டைச் சுவரோரத்து மாடத்தில் அறைந்து அதைத் தொடங்கிவைத்தார் என்பதும் பலரும் அறிந்த சரித்திரம். ஆனால் அவர் வகுத்த 13 விதிகளில் இரண்டு, ஆடுகிறவர்களை விட்டு ஆட்டத்தைத் தீர்க்கிறவர்களைப் பற்றியே பேசுகின்றன என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. பத்தாம் விதியின்படி ‘அம்பயர்’ ஆட்களுக்கு நீதிபதி; தவறுகளைக் குறித்துக்கொள்வதும், வரம்பு மீறியவனை வெளியேற்றுவதும் அவருடைய அதிகாரம். பதினோராம் விதியின்படி ‘ரெஃபரி’ பந்துக்கு நீதிபதி. பந்து எந்தக் கட்சிக்கு உரியது, எல்லைக்குள் இருக்கிறதா, கூடையில் சேர்ந்ததா என்பவற்றை நிர்ணயிப்பதோடு கடிகாரத்தையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாகப்பிரிவினை அழகானது. அதைவிட அழகானது, பிரித்த பின்பும் இருவரையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு. ஒரு கட்சி இடையீடின்றி மூன்று தவறுகள் செய்தால் எதிர்க்கட்சிக்கு ஒரு கோல் என்பது அக்காலத்துச் சட்டம். தவறுகளை எண்ணுகிறவர் ஒருவரும் கோலைக் கணக்கில் சேர்க்கிறவர் மற்றொருவருமாக இருந்தபடியால், மூன்றாவது தவறு நிகழ்ந்தவுடன் அம்பயர் ரெஃபரிக்கு அறிவிக்க வேண்டும் என்று விதியே கட்டளையிட்டது. ஆகவே நடுவர் இருவரும் ஒருவரோடொருவர் கலந்து நடக்க வேண்டும் என்பது பிற்காலத்தார் சொன்ன நல்லுபதேசம் அன்று. ஆட்டத்தோடு கூடவே பிறந்த கடமை.

ஆனால் பந்தையும் ஆட்களையும் காகிதத்தில் பிரிப்பது எளிது, களத்தில் பிரிப்பது அரிது. பந்து இருக்கும் இடத்தில்தான் உடல்கள் மோதுகின்றன. நாளடைவில் தவறு கண்டு விசில் ஊதும் அதிகாரம் இருவருக்கும் பொதுவாயிற்று; அதனோடு, ஒருவர் பொறுத்துக்கொள்வதை மற்றவர் தண்டிக்கும் சங்கடமும் வந்து சேர்ந்தது.

முதலில் விதிநூல்களே ஒன்றாக இல்லை. ஒய்.எம்.சி.ஏ.வும், கல்லூரிகளும், அமெச்சூர் சங்கமும் வேறு வேறு விதிகளைப் பின்பற்றிவந்த நிலை 1915ஆம் ஆண்டில் கூட்டுக் குழு ஒன்று அமைந்த பின்னரே மாறத் தொடங்கியது. அவ்வாண்டு முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விதிநூலைப் பதிப்பித்து, அதற்கு வியாக்கியானமும் தந்துவந்த ஆஸ்வால்ட் டவர் என்பவரின் பெயரால் ஒரு சித்தாந்தம் வழங்கிவருகிறது: உடல் தீண்டியது என்பதற்காகவே தண்டிக்க வேண்டுவதில்லை, தீண்டியதால் எதிரிக்குப் பாதகம் விளைந்ததா என்பதே கேள்வி. இது விவேகமான கொள்கை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாதகம் எது என்று தீர்மானிப்பது மனம் ஆகையால், நூல் ஒன்றான பிறகும் அளவுகோல் பலவாகவே நின்றது.

அதன் விளைவை 1935 ஜனவரியில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் காண முடிந்தது. தோழனுக்கு வழி உண்டாக்கும்பொருட்டு எதிரியின் பாதையில் குறுக்கே நிற்கும் ‘ஸ்கிரீன்’ என்ற உத்தியைத் தென்மாகாணத்து நடுவர்கள் தாராளமாக அனுமதித்துவர, கிழக்கத்திய நடுவர்கள் அதில் குற்றம் கண்டனர். அன்று கென்டக்கி பல்கலைக்கழகத்தார் நியூயார்க் பல்கலைக்கழகத்தாரிடம் 23-22 என்று ஒரே புள்ளியில் தோற்றபோது, அவர்களுடைய பயிற்சியாளர் அடால்ஃப் ரப்புக்கு மூண்ட கோபம் பிரசித்தமானது. ஊரில் நியாயமாக இருந்தது அயலூரில் குற்றமாயிற்று.

இத்தகைய பேதம் ஒரே களத்தில் நிற்கும் இருவருக்கிடையிலும் உண்டு. பந்து, ஆட்கள் என்று பொருளைப் பங்கிட்ட பழைய முறை போய், இடத்தைப் பங்கிடும் முறை அதற்குப் பரிகாரமாக வந்தது. ஒருவர் கூடையின் அருகே எல்லைக்கோட்டில் நிற்கிறார், அவர் ‘லீட்’. மற்றவர் ஆட்டத்தின் பின்னால் வருகிறார், அவர் ‘டிரெயில்’. பந்து மறுபுறம் திரும்பியதும் பின்னால் இருந்தவர் முன்னே ஓட, முன்னே இருந்தவர் பின்தங்குகிறார். கூர்ந்து பார்த்தால் இதில் ஓர் இடர் தெரியும்: இப்படியே ஆட்டம் முழுதும் ஓடினால் ஒரு கூடையடியில் எப்போதும் ஒருவரே, மறு கூடையடியில் எப்போதும் மற்றவரே நிற்க நேரும்; ஒருவர் கண்டிப்பானவரும் மற்றவர் தாட்சண்யக்காரருமாக இருந்துவிட்டால், ஒரு கட்சி கண்டிப்பையும் மற்றது தாட்சண்யத்தையுமே அனுபவிக்கும். இதைத் தவிர்க்கவே, தவறு ஒன்றைக் கணக்கெழுதுவோர் மேசைக்கு அறிவித்த பின் நடுவர்கள் இடம் மாறிக்கொள்வது வழக்கமாயிற்று. மனித சுபாவத்தை மாற்ற இயலாதபோது, அதன் பலனையாவது இரு கட்சிக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு இது.

நம் நாட்டிலும் இதே நிலைதான். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவி, விளையாட்டு விதிகளை நூலாகவும் தொகுத்தளித்தார். அங்கே பயின்று பள்ளிகளுக்குச் சென்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் வழியாக விதிகள் ஊர்தோறும் பரவின. விதி நூலில் பயணம் செய்யும். அளவுகோலையோ அந்தந்தக் களத்து நடுவர்களே புதிதாகப் பேசி அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பேசி அமைக்காவிட்டால் நேருவது என்ன? பாய்ந்து வருகிறவனும் தடுத்து நிற்கிறவனும் மோதுகிறார்கள். ஏககாலத்தில் இரு விசில்கள் ஒலிக்கின்றன. ஒரு நடுவர் தடுத்தவன்மேல் குற்றம் என்று இடுப்பில் கைகளை ஊன்ற, மற்றவர் பாய்ந்தவன்மேல் குற்றம் என்று பிடரியில் கை வைக்கிறார். அமெரிக்கப் பள்ளி விதிகளின்படி அப்போது இருவர்மீதும் தவறு எழுதப்படும். நடுவர்களின் முரண்பாட்டுக்குத் தண்டனை பெறுகிறவர்கள் ஆட்டக்காரர்கள்! ஆகையால் இரண்டாவது விசில் கேட்டால் கையை மட்டும் உயர்த்தி, சைகையை நிறுத்திக்கொண்டு, கூட்டாளியின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது இத்தொழிலின் முதற் பாடங்களில் ஒன்று.

மூன்றாவது நடுவரைச் சேர்த்தால் குறை தீரும் என்றும் எண்ணினார்கள். அமெரிக்கத் தொழில்முறைச் சங்கமான என்.பி.ஏ. 1978-79 பருவத்தில் அதைச் சோதித்துக் கைவிட்டு, 1988-89இல் மீண்டும் ஏற்று நிலைநிறுத்தியது. காணாமல் விடுபடுவது அதனால் குறைந்தது; ஒத்துப்போக வேண்டிய மனங்களோ இரண்டிலிருந்து மூன்றாயின. எந்தத் தீண்டலைப் பொறுப்பது, எந்த இடம் யாருடையது, கடைசி வினாடிப் பந்தை யார் தீர்ப்பது என்பவற்றை ஆட்டத்துக்கு முன் பேசி முடிவு செய்து, முதற்பாதியில் கொண்ட அளவையே இறுதி நிமிடத்திலும் கைவிடாதிருப்பவர்கள், தனித்தனியே எவ்வளவு கூர்மையான கண் படைத்தவர்களையும்விட மேலான நடுவர்கள்.