சுட்ட தோட்டாவுக்கு மறுபிறவி உண்டா? (.22 ரிம்ஃபயரின் கதையும் கணக்கும்)

2013-ஆம் ஆண்டில் அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் ஒரு விசித்திரம் நடந்தது. சின்னதும் மலிவானதுமான .22 தோட்டா அலமாரிகளில் இருந்து காணாமல் போனது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, புதிய கட்டுப்பாடுகள் வந்துவிடும் என்ற பயத்தில் மக்கள் எல்லா வகைத் தோட்டாவையும் வாங்கிக் குவித்தார்கள். மற்ற தோட்டாக்கள் மெல்ல மெல்லக் கடைக்குத் திரும்பிய பிறகும் .22 மட்டும் சரியாக வரவில்லை. கடைகள் ஒருவருக்கு இத்தனை பெட்டிதான் என்று வரம்பு வைத்தன. முன்பு ஒன்று 4, 5 சென்ட்டுக்கு விற்றது 10 சென்ட்டைத் தாண்டியது.

அப்போது பலருக்கும் ஒரு கேள்வி எழுந்தது. பெரிய தோட்டாக்களைச் சுட்ட பிறகு அதன் பித்தளை ஓட்டை எடுத்து, வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்துபவர்கள் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இதற்கு ரீலோடிங் என்று பெயர். அதையே .22-க்கும் செய்தால் என்ன? லாபமா, நஷ்டமா?

பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்கான விடை ஏறக்குறைய 150 வருடங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அதைப் புரிந்துகொள்ள முதலில் தோட்டாவைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு .22 பழக்கமான பொருள்தான். முகாமில் சுடக் கொடுப்பது அந்த ரைஃபிளைத்தான். சுட்டு முடித்ததும் காலி ஓடுகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும்.

எந்தத் தோட்டாவிலும் நான்கு பாகங்கள் உண்டு. முன்னால் ஈயக் குண்டு. அதைப் பிடித்திருக்கும் பித்தளை ஓடு. ஓட்டுக்குள் எரியும் மருந்து. அந்த மருந்தைப் பற்ற வைக்கும் பிரைமர். தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கும் பொட்டு வெடியை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டினால் போதும், படீர் என்று வெடிக்கும். பிரைமரின் வேலையும் அதுதான்.

இந்தப் பிரைமரை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லா வித்தியாசமும். ரிம்ஃபயர் தோட்டாவில் அது ஓட்டின் அடிவிளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது வெடிக்கும். சென்டர்ஃபயர் தோட்டாவில் பிரைமர் தனியாக ஒரு குட்டிக் கிண்ணத்தில் இருக்கும். அதை ஓட்டின் அடியில் நடுவே அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். முதலாவதில் பிரைமர் ஓட்டோடு ஒன்றிப்போனது. இரண்டாவதில் கழற்றி மாற்றக்கூடியது.

பாரிஸில் பிறந்தது

1845-இல் பாரிஸைச் சேர்ந்த லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்ற துப்பாக்கிக் கலைஞர், பிரைமர் மூடி ஒன்றின் வாயிலேயே ஒரு சின்னக் குண்டைப் பொருத்தினார். மருந்தே கிடையாது. பிரைமரின் விசையில் மட்டும் குண்டு பறக்கும். வீட்டு வரவேற்பறைக்குள் பொழுதுபோக்காகக் குறி பார்த்துச் சுடுவதற்கான பொம்மை மாதிரியான துப்பாக்கி அது.

இதை வியாபாரமாக்கியவர்கள் அமெரிக்காவின் ஹொரேஸ் ஸ்மித், டேனியல் வெஸன் என்ற கூட்டாளிகள். ஓட்டைக் கொஞ்சம் நீட்டி, உள்ளே கறுப்பு மருந்தும் சேர்த்து, 1857-இல் ஏழு தோட்டா கொள்ளும் சின்ன ரிவால்வர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று .22 ஷார்ட் என்று அழைக்கப்படும் தோட்டா அதற்காகப் பிறந்ததுதான்.

அதுவரை துப்பாக்கியில் மருந்து தனியாக, குண்டு தனியாக, பற்றவைக்கும் மூடி தனியாகப் போட்டு நிரப்ப வேண்டியிருந்தது. மழையில் மருந்து நனைந்தால் அவ்வளவுதான். எல்லாம் ஒரே ஓட்டுக்குள் அடைபட்டு வந்தது அந்தக் காலத்தில் பெரிய புரட்சி. 1861-இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயன்பட்ட ஹென்றி, ஸ்பென்ஸர் ரைஃபிள்கள் இரண்டுமே பெரிய அளவு ரிம்ஃபயர் தோட்டாக்களைச் சுட்டவை. அதாவது ஒரு காலத்தில் ரிம்ஃபயர்தான் எதிர்காலம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அப்புறம் ஏன் தோற்றது?

இரண்டு காரணங்கள். முதலாவது தொழில்நுட்பம். ஊசி விளிம்பை நசுக்க வேண்டும் என்றால் ஓடு மெல்லியதாக இருந்தாக வேண்டும். ஓடு மெல்லியதாக இருந்தால் அதிக அழுத்தம் தாங்காது. ஆக, சக்திவாய்ந்த தோட்டா செய்ய முடியாது.

இரண்டாவது காரணம்தான் இங்கே முக்கியம். சுட்ட ஓட்டை மறுபடி பயன்படுத்த முடியாது.

1866-இல் அமெரிக்காவில் ஹைரம் பெர்டானும் இங்கிலாந்தில் எட்வர்ட் பாக்ஸரும் தனித்தனியாக சென்டர்ஃபயர் பிரைமர்களை உருவாக்கினார்கள். பாக்ஸர் முறையில் ஓட்டின் அடியில் நடுவே ஒரே ஒரு துளை. உள்ளே ஒரு கம்பியை விட்டுத் தள்ளினால் பழைய பிரைமர் கழன்று விழும். பெர்டான் முறையில் துளைகள் சின்னதாக, நடுவிலிருந்து தள்ளி இருக்கும். கழற்றுவது கஷ்டம். வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் பரவியது, ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. வீட்டில் ரீலோடிங் செய்யும் வழக்கம் அமெரிக்காவில் இவ்வளவு வேரூன்றியதற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

இதன் அருமை தெரிந்தது அமெரிக்க மேற்கில். வின்செஸ்டரின் 1866 ரைஃபிள் ரிம்ஃபயர். அதே கம்பெனியின் 1873 ரைஃபிள் சென்டர்ஃபயர். கூடவே தோட்டா நிரப்பும் கைக்கருவிகளையும் கம்பெனி விற்றது. அருகில் கடையே இல்லாத இடத்தில் வாழ்பவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். ஈயக்கட்டி, மருந்துப் பொடி, பிரைமர் டப்பா ஆகிய மூன்றும் மூட்டையில் இருந்தால் பழைய ஓடுகளே திரும்பத் திரும்ப உழைக்கும். 1870-களில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் இரவில் முகாம் நெருப்பில் ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து மறுநாளுக்கான தோட்டா செய்துகொண்டார்கள். (அந்த வேட்டையால் காட்டெருமை இனமே அழியும் நிலைக்குப் போனது தனிச் சோகம்.) 1884-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற பெயரில் ரீலோடிங் கருவிகளுக்கென்றே ஒரு கம்பெனி தொடங்கும் அளவுக்கு இது வளர்ந்தது.

இப்படிப் பெரிய ரிம்ஃபயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆனால் குட்டி .22 மட்டும் சாகவில்லை!

தூக்கி எறிவதே அதன் பலம்

1887-இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி .22 லாங் ரைஃபிள் தோட்டாவைக் கொண்டுவந்தது. குண்டின் எடை 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். இன்றும் உலகத்தில் மிக அதிகமாகச் சுடப்படும் தோட்டாக்களில் ஒன்று இதுதான்.

தனிப் பிரைமர் வேண்டாம், தடித்த ஓடு வேண்டாம், ஈயமும் மருந்தும் கொஞ்சம் போதும். இயந்திரத்தில் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளலாம். எந்தக் குறையால் பெரிய ரிம்ஃபயர்கள் செத்தனவோ அதே குறையால் .22 பிழைத்தது. மறுபடி பயன்படுத்த முடியாததுதான். ஆனால் மறுபடி பயன்படுத்தத் தேவையே இல்லாத அளவுக்கு மலிவு. பொருளியல் பாஷையில் சொன்னால், உற்பத்தி அளவு கூடக்கூட ஒரு அலகின் அடக்க விலை குறையும் என்ற விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

கணக்குப் போட்டால்...

சரி, 2013-க்கு வருவோம். தட்டுப்பாடு வந்ததும் .22-க்கான குட்டி வார்ப்பு அச்சு, நசுக்கும் கருவி எல்லாம் சேர்த்து சில ரீலோடிங் கிட்கள் விற்பனைக்கு வந்தன. செய்ய முடியுமா என்றால் முடியும். ஆனால் வேலையைப் பாருங்கள். ஊசி பட்டு நசுங்கிய விளிம்பை நிமிர்த்த வேண்டும். உள்ளே இருக்கும் கசடைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த மடிப்புக்குள் பிரைமர் கலவையைச் சுற்றிலும் சமமாகப் பரப்ப வேண்டும். குண்டு வார்க்க வேண்டும். மருந்து அளந்து போட்டுக் குண்டைப் பொருத்த வேண்டும்.

உத்தேசமாக, பழகிய ஒருவர் மணிக்கு 20 தோட்டா செய்வதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். அந்தக் கூலியை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒரு தோட்டாவுக்கு 36 சென்ட். ஈயம், மருந்து, கருவியின் தேய்மானம் எதுவும் சேர்க்கவில்லை. கடையில் சாதாரண நாளில் அதன் விலை 5 சென்ட். கூலி மட்டுமாவது கட்டுப்படியாக வேண்டும் என்றால் மணிக்கு 145, அதாவது 25 விநாடிக்கு ஒன்று செய்ய வேண்டும். விலை 10 சென்ட் ஆனாலும் 50 விநாடிக்கு ஒன்று. கையால் நடக்கிற காரியமா?

இதையே வேட்டை ரைஃபிளின் சென்டர்ஃபயர் தோட்டாவோடு ஒப்பிடுங்கள். கடையில் ஒன்று 1 டாலர், வீட்டில் நிரப்பினால் பொருள் செலவு 50 சென்ட் என்று வைத்தால், மணிக்கு 50 செய்பவர் 25 டாலர் மிச்சம் பிடிக்கிறார். அங்கே மிச்சம் பிடிக்க விலையில் இடம் இருக்கிறது. .22-இல் அந்த இடமே இல்லை.

"பொழுதுபோக்குக்குக் கூலி எதற்கு?" என்று கேட்கலாம். நியாயம்தான். மீன் பிடிக்கப் போகிறவன் மீன் விலையைக் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் இங்கே கூலியைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. தட்டினால் வெடிக்கும் கலவையை வீட்டு மேசையில் கையாள்வது விரலையோ கண்ணையோ விலையாகக் கேட்கும் விளையாட்டு. ஆலைகளே அதை ஈரமாக இருக்கும்போதுதான் ஓட்டுக்குள் போடுகின்றன, காய்ந்தால் ஆபத்து என்பதால். சென்டர்ஃபயர் ரீலோடர் பொதுவாகப் பிரைமர் செய்வதில்லை. ஆலையில் செய்ததை வாங்கிப் பொருத்துகிறார், அவ்வளவே. .22-இல் மட்டும்தான் அந்த மிக ஆபத்தான வேலை வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. (இந்தியாவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

உண்மையான மறுபிறவி

அப்படியானால் சுட்ட .22 ஓடு வெறும் குப்பையா? இல்லை. கதையின் சுவையான பகுதியே இதுதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் செம்பு முதல் எல்லாமே ராணுவத்துக்குப் போனது. வேட்டைக்காரர்களுக்குக் குண்டு கிடைக்கவில்லை. வேகமாகப் போகும் ரைஃபிள் குண்டுக்கு ஈயத்தின் மேல் ஓர் உலோக உறை வேண்டும். அந்த உறைக்குத் தகடு இல்லை. அப்போதுதான் சிலர் கண்ணில் பட்டன, சுடுதளங்களில் கொட்டிக் கிடந்த .22 காலி ஓடுகள். மெல்லிய உலோகம், ஏற்கெனவே குழாய் வடிவம், ஏறக்குறைய சரியான அளவு. விளிம்பை இழுத்து நிமிர்த்தி, உள்ளே ஈயத்தை அழுத்தினால் உறையோடு கூடிய குண்டு தயார்!

கலிஃபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன் 1943-இல் இதற்கான அச்சுகளைச் செய்து தொடங்கியதுதான் ஆர்.சி.பி.எஸ். கம்பெனி. அந்தப் பெயரே அவர் செய்த குண்டு அச்சின் பெயர்ச் சுருக்கம். வெர்னன் ஸ்பியர், ஜாய்ஸ் ஹார்னடி ஆகியோரும் .22 காலி ஓடுகளில் குண்டு செய்துதான் இந்தத் தொழிலில் காலூன்றினார்கள். மூவரும் தொடங்கிய நிறுவனங்கள் பின்னாளில் அமெரிக்க ரீலோடிங் துறையின் தூண்கள் ஆயின. இன்னொரு வேடிக்கை. வெர்னனின் சகோதரர் டிக் ஸ்பியர் 1951-இல் கூட்டாகத் தொடங்கிய சி.சி.ஐ. கம்பெனி, பிற்பாடு .22 தோட்டாவுக்கே புகழ்பெற்றது.

ஆக, .22 ஓட்டை மறுபடி .22 ஆக்க முயன்றவர்கள் மிச்சம் பிடித்ததில்லை. அதை வேறொன்றின் மூலப்பொருளாகப் பார்த்தவர்கள் தொழிலதிபர்கள் ஆனார்கள்.

முடிவாக

வீட்டில் .22 நிரப்புவது லாபமா என்றால், இல்லை. சாதாரண நாளிலும் இல்லை, 2013 போன்ற பஞ்ச காலத்திலும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் உண்மையில் கேட்டது வேறு: கடை மூடினால் என் கையில் என்ன இருக்கிறது?

1873-இல் சென்டர்ஃபயர் ரைஃபிள் வாங்கியவனுக்கு அதற்குப் பதில் இருந்தது. ஓட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தான், பதிலுக்கு ஓரளவு சுதந்திரம் வாங்கினான். .22 வாங்கியவனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அவன் முழுக்க முழுக்க ஆலையை நம்பித்தான் சுட முடியும். அந்த 5 சென்ட் மலிவு விலையில் இதுவும் அடங்கியிருக்கிறது, பில்லில் மட்டும் அச்சாகவில்லை.

ரீஃபில் போட்ட பேனா போய் யூஸ் அண்ட் த்ரோ பேனா வந்ததும் இதே கதைதானே? மலிவான பொருளைப் பழுது பார்ப்பது நஷ்டம் என்று கணக்கு சொல்லும். கணக்கு சரிதான். ஆனால் அது கடை திறந்திருக்கும் நாளுக்கு மட்டுமே போட்ட கணக்கு.