புதுச்சேரித் தமிழ்ப்பகுதியில் தாழ்வாரமும் திண்ணையும்: ஏற்றலும் நிறுத்தலும்

புதுச்சேரியின் கட்டடங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. உயர்ந்த மதில், வளைவு வாயில், மஞ்சள் பூச்சு, மதிலுக்கு மேல் படர்ந்த காகிதப்பூ ஆகியவை அந்நகரின் முகமாகவே ஆகிவிட்டன. வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழ்ப்பகுதியைப் பேச நேரும்போது, தெருவை நோக்கித் திறந்த திண்ணைகள் விருந்தோம்பலின் சின்னமாகப் போற்றப்படுகின்றன. இப்பாராட்டு பாதி உண்மையே. திண்ணை வந்தவரை ஏற்றது. ஏற்ற அதே செயலால் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தவும் செய்தது. இவ்விரு பணிகளையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அவ்வீதிகளின் கட்டட அமைப்பு விளங்காது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். தமிழகத்தின் பல பகுதிகளில் ‘தாழ்வாரம்’ என்பது வீட்டினுள் முற்றத்தைச் சுற்றி ஓடும் சார்ப்பைக் குறிக்கும். புதுச்சேரிக் கட்டட ஆய்வுகளில் அச்சொல் தெருப்பக்கத்துச் சார்ப்பைக் குறிக்க வழங்குகிறது. மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுக்கூரை தெருவை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதன் கீழ்த் தளம் தெரு மட்டத்திலிருந்து சற்று உயர்ந்திருக்கும். அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் தொடர்ந்து அமையும்போது வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் படாத நடைவழி ஒன்று உருவாகிறது. அதற்கு உட்புறம், கதவின் இருபக்கமும் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்ட திண்ணை. கதவைக் கடந்தால் ரேழி. ரேழிக்கு அப்பால் முற்றம். தாழ்வாரம் வழிப்போக்கருக்கு உரியது, திண்ணை, வீட்டாரிடம் அலுவல் உடையவருக்கு, ரேழி, அறிந்தவருக்கு, முற்றம், உறவினருக்கு. பிரெஞ்சுப் பகுதியின் மதில் உள், புறம் என இரண்டே நிலைகளை அறிந்தது. தமிழ் வீடோ அதே தொலைவைப் பல படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் ஒருவகை மனிதரை அமர்த்தியது.

இவ்வீடுகள் நிற்கும் நேர்கோட்டு வீதிகளைப் பிரெஞ்சுக்காரர் வகுத்தனர் என்ற எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது. 1693 முதல் 1699 வரை நகரை வைத்திருந்த டச்சுக்காரர்களின் வரைபடங்களிலேயே இத்திட்டத்தின் தோற்றம் காணப்படுவதை ழான் தெலோஷ் தம் ஆய்வில் காட்டியுள்ளார். 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றி இடித்துத் தகர்த்தனர். 1765இல் அது மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின் மறுகட்டுமானம் தொடங்கியது. அயலார் வரைந்த நேர்கோட்டுத் தெருவில் தமிழ்க் கொத்தரும் தச்சரும் தமக்குப் பழகிய வாசலமைப்பைப் பொருத்தினர். அப்பொருத்தமே இங்குக் கவனத்திற்குரியது.

1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த துய்ப்ளேயின் துபாசி ஆனந்தரங்கப்பிள்ளை, நகரம் வீழ்ந்த அதே 1761 சனவரியில் மறைந்தார். அவர் மாளிகையின் கீழ்த்தளத்தில் செதுக்கு வேலைப்பாடுடைய மரத்தூண்கள் முற்றத்தைச் சூழ்ந்துள்ளன. மேல்தளத்தில் சுதை பூசிய ஐரோப்பிய பாணித் தூண்கள். பிற்காலத்தில் செல்வர் பலரின் வீடுகளும் இவ்வாறே அமைந்தன: கீழே தாழ்வாரமும் திண்ணையும், மேலே வளைவுச் சாளரங்களும் மாடமுகப்பும். இதனை இரு பண்பாடுகளின் ‘கலப்பு’ என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. ஆயினும் மாற்றம் மேல்தளத்தோடு நின்றதேன்? மேல்தளம் கண்ணுக்குரியது, அங்கே புதுமோகத்திற்கு இடமிருந்தது. கீழ்த்தளம் யார் எங்கே நிற்கலாம் என்ற வழக்கத்தைத் தாங்கியது. அதனை மாற்றுவது தூணை மாற்றுவது போன்றதன்று.

அவ்வழக்கம் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கவில்லை. வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி என்னும் பெயர்களே நகரம் சாதிவாரியாகப் பகுக்கப்பட்டிருந்ததைச் சொல்கின்றன. தெருவிலேயே நின்று பேச வேண்டியவர்களும் இருந்தனர். அவர்களுக்குத் திண்ணை இருக்கையன்று, எல்லை. திண்ணையைப் பற்றிய ஏக்கமிகு எழுத்துகள் இதனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. திறந்த வாசலுக்கு வேறொரு பக்கமும் உண்டு. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி, ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியிலும் குடியிருந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் ஒற்றர்கள் அவரைக் கண்காணித்த காலம் அது. நிற்பவரிடம் யாரும் காரணம் கேளாத தெருவமைப்பு, ஒற்றருக்கும் நிழல் தந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

கால்வே சுப்புராயச் செட்டியார் வீதி எனவும் வழங்கும் வைசியாள் வீதியின் முகப்புகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் இன்டாக் அமைப்பு பங்கேற்ற அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. தனிவீட்டை விடுத்துத் தெருவையே மரபின் அலகாகக் கொண்டது இம்முயற்சியின் சிறப்பு. ஆயினும் முகப்பு மீள்வதும் தாழ்வாரம் மீள்வதும் ஒன்றல்ல. ஒரு வீட்டார் தம் தாழ்வாரத்திற்கு இரும்புக் கம்பிக்கதவு இட்டால் முகப்பின் அழகு பெரிதும் கெடுவதில்லை; ஆனால் நடப்பவர் வெயிலில் இறங்கியே அடுத்த வீட்டைக் கடக்க வேண்டும். அவ்வகையில் ஒரு கம்பிக்கதவு அவ்வரிசையின் எல்லா வீடுகளையும் பாதிக்கிறது. இருசக்கர வண்டிக்காகப் போடப்படும் சாய்தளமும் அவ்வாறே.

கம்பிக்கதவு இடுவோரைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. வந்தவரை அமர்த்தவும் அளந்து நிறுத்தவும் வீட்டில் எந்நேரமும் ஆளிருந்த காலத்தில் திண்ணை செய்த காவற்பணியை, பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் இரும்பு செய்கிறது. மரபுக் கட்டடப் பட்டியல்கள் தூண், ஓடு, கைப்பிடிச்சுவர் ஆகியவற்றை நுணுக்கமாகப் பதிகின்றன. எத்திண்ணையில் எவர் அமர்ந்தனர், எவர் தெருவிலேயே நின்றனர் என்பதை அவ்வீதிகளின் முதியோரிடம், வீட்டுக்குள் இருந்தவர்களிடம் மட்டுமன்றிப் பால், கீரை, விறகு கொண்டுவந்தவர்களிடமும், கேட்டுப் பதியும் பணி அப்பட்டியல்களோடு சேர்ந்து நடைபெற வேண்டும்; சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது.